கடைசி வீட்டுக் குழாய்

மலைச்சரிவில் கடைசியாக இருக்கும் வேலுத்தாயின் வீட்டு வாசலில் புதுக் குழாய் ஒன்று நிற்கிறது. அடியில் பூசிய சிமெண்டில் இன்னும் ஈரம் காயவில்லை. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு இன்று இவளை ஏற்றாமலே போடிமெட்டு வளைவுகளில் ஏறிப் போய்விட்டது. அதிகாரி வருகிறார், வீட்டில் இரு என்று நேற்றே சொல்லியிருந்தார்கள். பொறியாளர் கதிரேசன் குழாயைத் திருகுகிறார். உள்ளே காற்று புஸ்ஸென்று சீறி அடங்குகிறது. இந்த மேட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை. அவர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுக்கிறார். “குடத்தைக் குழாய்க்கு அடியில புடிச்சுக்கிட்டு நில்லுங்கம்மா. ஒரு போட்டோ போதும், வேலை முடிஞ்சதுன்னு அனுப்பிரலாம். தண்ணி அடுத்த மாசம் ஏறிரும்.” “அனுப்பிட்டா அப்புறம் யாரு சார் இங்கிட்டு வரப்போறா?” என்கிறாள் வேலுத்தாய்.

கீழே, மரங்களுக்கு நடுவே ஓடை மினுங்குகிறது. போன வாரம் அங்கே தண்ணீர் எடுக்கப் போனபோது, யானையைக் கண்டு ஓடி வந்து விழுந்த காயம் வேலுத்தாயின் முழங்காலில் இன்னும் ஆறவில்லை. அவள் குடத்தைத் தள்ளி வைக்கிறாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அதன் வாய்க்கு நேராக உள்ளங்கையை விரித்துப் பிடிக்கிறாள். ஏலக்காய் பறித்துக் கறுத்த விரல்களில் ஒரு சொட்டும் விழவில்லை. “இப்ப எடுங்க சார்.” கதிரேசன் செல்போனை உயர்த்துகிறார். திரையில் தெரியும் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிற்கிறார். பிறகு, படம் எடுக்கிறார்.