சரக்கு ரயிலுக்கும் கை காட்டுகிறவன்

"ஹோ... ஹோ! மாமா, ரயிலு வருதுங்க!"

ரங்கன் ஏரை நிறுத்திவிட்டான். பின்னாலேயே உழவுச் சாலில் விதைக்கடலை போட்டுக்கொண்டு வந்த காளியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்றா மாப்ளே, மறுபடியுமா?"

ரங்கன் அதற்குள் வரப்பில் ஏறித் துண்டை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தான். சங்ககிரிப் பக்கமிருந்து வந்த ரயில் புகையைக் கக்கிக்கொண்டு போயே போய்விட்டது. அப்புறமும் ஆட்டினான். ஆட்டி முடித்து, உட்கார்ந்து, நிதானமாக ஒரு வெற்றிலையை எடுத்துத் துடைத்தான்.

"செவப்புச் சட்டை போட்ட புள்ள ஒண்ணு கை காட்டிச்சுங்க மாமா!"

"அந்தப் புள்ள எறங்கி வந்து கடலை வெதைச்சுக் குடுக்குமாடா? ஈரம் இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்குது!"

"ஒரு நாளைக்கு ஒரு சந்தோசம் வேண்டாமுங்களா?"

"சந்தோசத்தை ஒலையில போட்டு ஆக்கித் திங்கலாமாடா?"

என்ன கத்தி என்ன? வெற்றிலை மென்று முடிகிறவரை ஏர் நகரவில்லை.

காளியப்பனின் தலையெழுத்து அப்படி. அவனுக்கு இருப்பது ஒரே மாடு, செவலை. ரங்கனுக்கும் ஒரே மாடு, மயிலை. இரண்டையும் சேர்த்துப் பூட்டினால்தான் ஏர். ஒரு நாள் இவன் காட்டில் உழவு, மறுநாள் அவன் காட்டில் என்று எட்டு வருஷமாகக் கூட்டு. ஏர் ஓட்டுவது மட்டும் எப்போதும் ரங்கன்தான். "நீங்க வெதையைப் பாருங்க மாமா" என்று முதல் ஆளாக மேழியைப் பிடித்துவிடுவான்.

எல்லாம் சரி. இந்த ரயில் பைத்தியம் போன வருஷம் பிடித்தது. பயணிகள் ரயில் என்றால்கூடப் போகட்டும். உச்சிக்கு முன்னால் ஒரு சரக்கு ரயில் வரும். அதற்கும் நிறுத்துவான். அதற்கும் கை காட்டுவான்.

"உள்ள உக்காந்திருக்கறது உப்பு மூட்டைடா! அது உனக்குத் திருப்பிக் கை காட்டுமா?"

"காட்டாட்டிப் போகுதுங்க."

அன்று வீட்டுக்கு வந்ததும் காளியப்பன் பெண்சாதி ஆராயியிடம் கொட்டித் தீர்த்தான்.

"இந்த வெதைப்பு முடியட்டும், கூட்டை முறிச்சுக்கறேன். நம்ம செவலைக்கு ஜோடி கெடைக்காதா? அந்தியூர் சந்தையில பல்லுப் பாத்து வாங்குன மாடு. இன்னும் பத்து வருசத்துக்கு அசையாது!"

மறுமுறை காளியப்பன் காட்டு முறை வந்தபோது, ரங்கனின் பெண்சாதி சென்னம்மாள் மயிலையை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"அவுங்களுக்குக் காய்ச்சலுங்கண்ணா. மாடு சும்மா நிக்க வேண்டாம்னு குடுத்துடச் சொன்னாங்க."

காளியப்பனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஆராயியை விதை போடச் சொல்லிவிட்டுத் தானே மேழியைப் பிடித்தான்.

காலை ரயில் வந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்தியா ஆராயி? இப்படியில்ல ஓட்டோணும் ஏரு!"

வெயில் ஏறியது. சரக்கு ரயில் தூரத்தில் ஊதியது.

செவலை நின்றுவிட்டது.

"ஹை! ஹை! உனக்கும் ரயிலு பாக்கோணுமா?"

அதட்டினான். வாலை முறுக்கினான். செவலை ஓரடி வைத்தது. முன்னங்கால் வெடவெடவென்று நடுங்க அப்படியே சாலில் மடங்கி உட்கார்ந்துவிட்டது. வாயெல்லாம் நுரை. விலா எலும்பு ஏறி ஏறி இறங்கியது. பக்கத்தில் மயிலை ஒன்றும் நடக்காத மாதிரி அசைபோட்டுக்கொண்டு நின்றது.

"ஐயோ சாமி!" என்று ஆராயி விதைக்கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து நுகத்தை அவிழ்த்தாள்.

அந்த நேரம் பார்த்து சென்னம்மாள் வரப்பு மேல் தலைதெறிக்க ஓடி வந்தாள்.

"நிறுத்தலீங்களாண்ணா? ஊதற சத்தங் கேட்டதும் படுத்திருந்தவங்க எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. 'ஓடிப்போயி ஏரை நிறுத்தச் சொல்லு, செவலைக்கு மூச்சு வாங்கும்'னு ஒரே சத்தம்."

"என்ன சொல்ற நீயி?"

"மாட்டுக்கு வயசாகிப் போச்சுன்னு சொன்னா மாமனுக்குப் பொறுக்காது, ரயிலைச் சாக்கு வெச்சு நிறுத்துனா யாருக்கும் ரோசம் வராதுன்னு..." சென்னம்மாள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ, சொல்லக் கூடாதுன்னாங்களே! நாஞ் சொன்னேன்னு காட்டிக்காதீங்கண்ணா!"

காளியப்பன் செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எட்டு வருஷமாகக் கட்டி மேய்த்த மாடு. அதற்கு மூச்சு வாங்குவது தனக்குத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அன்று அதற்குமேல் அவன் ஏர் பூட்டவில்லை.

மறுநாள் ரங்கன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தள்ளாடியபடி வந்தான்.

"இன்னைக்கு உன் காட்டு முறைடா மாப்ளே."

"என் காடு பள்ளமுங்க, ஈரம் தாங்கும். உங்களுதை முடிச்சுப்போடலாமுங்க மாமா."

காளியப்பன் கூடையை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தான்.

நாலு சால்கூட ஓடியிருக்காது.

"ஹோ! நிறுத்து மாப்ளே! ரயிலு வருது!"

ரங்கன் திரும்பிப் பார்த்தான். தண்டவாளம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெறிச்சோடிக் கிடந்தது.

"ரயிலையே காணமுங்களே மாமா?"

காளியப்பன் அதற்குள் வரப்பில் ஏறி நின்று துண்டை ஆட்டிக்கொண்டிருந்தான்.