எதிர்க்கடை ஷட்டர்

கடைத்தெருவின் வரலாற்றை எழுத வந்திருந்த பெண், பூட்டுக்கடைக்காரரின் டிபன் கேரியரைப் பார்த்தாள். மணி மூன்றாகியும் அது திறக்கப்படவில்லை.

"சாப்பிட்டுட்டே பேசலாமே, ஐயா?"

"எதிர்க்கடைக்காரன் முதல்ல ஷட்டரை இறக்கட்டும்மா. அப்புறம்தான் நான். முப்பது வருஷமா இதான் வழக்கம்."

எதிரேயும் பூட்டுக்கடைதான். ஷட்டர் ஏறியிருந்தது, விளக்கு எரிந்தது. ஆளைத்தான் காணோம்.

"நீங்க முதல்ல மூடினா என்னவாம்?"

"வர்றவங்கெல்லாம் அங்க போயிடுவாங்களே! அவனும் லேசுப்பட்டவன் இல்ல. வயிறு காய்ஞ்சாலும் மூணரை வரைக்கும் வீம்பா உக்காந்திருப்பான்."

"அவர்கிட்டயும் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வரேனே."

"வேண்டாம்மா. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது."

மூன்றரை அடித்ததும் அவர் எழுந்தார். இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தோடு தெருவைக் கடந்தார். எதிர்க்கடை விளக்கை அணைத்து, ஷட்டரை இறக்கிப் பூட்டினார். திரும்பி வந்து கேரியரைத் திறந்தார்.

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"போன வருஷமே போய்ச் சேர்ந்துட்டான்மா. கடையை இப்ப நான்தான் வாடகைக்கு எடுத்திருக்கேன். காலையில திறந்து வைக்கிறதும் நான்தான்."

ஆறிய சோற்றைப் பிசைந்தபடி எதிரே பார்த்தார்.

"என்ன பண்றது? அவன் மூடாம எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது."