தாயம்மா வாங்கிய பை

தாயம்மா என்ற முள்ளம்பன்றியும் கோமளம் என்ற முயலும் அருவிக்குக் கிளம்புவதற்கு முன்னால் அணிலின் கடைக்குப் பை வாங்கப் போனார்கள். கோமளம் பளபளக்கும் நீலப் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். தாயம்மாவோ எதையும் தொடாமல் ஒதுங்கி நின்றாள்.

"என் முதுகுல எந்தப் பை தாங்கும்? நான் சோத்துப் பொட்டலத்தைக் கையிலயே தூக்கிட்டு வரேன்."

அணில் மூலையில் கிடந்த மலிவான கான்வாஸ் பையை உதறிக் கொடுத்தது. "இதைப் போட்டுப் பாருங்கக்கா. முள்ளு குத்தும், ஆனா கிழியாது."

தயங்கித் தயங்கித்தான் மாட்டினாள். அருவிக்குப் போய்ச் சேர்வதற்குள் பை முழுக்கப் பொத்தல்கள். ஆனால் எங்கும் கிழியவில்லை.

சாரல் படாத இடம் தேடி, கோமளம் நீலப் பையை மடியில் அணைத்தபடி பாறையில் உட்கார்ந்தாள். தாயம்மா சோற்றுப் பொட்டலத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, வெறும் பையோடு நேராக அருவிக்குள் போய் நின்றாள். பை நிரம்பி, பொத்தல் வழியெல்லாம் தண்ணீர் பூவாளி போலப் பீய்ச்சியடித்தது. தாயம்மா சுற்றிச் சுற்றி ஆடினாள்.

கோமளம் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நீலப் பையைப் பாறையிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க."