இடுப்பில் ஒரு வட்டம்

“முந்திரிக்கொட்டை எண்ணெயா? யாருய்யா உங்களைத் தடவச் சொன்னது?”

லஸ் முனை டாக்டர் ஹபீபுர் ரஹ்மான் என் இடுப்பைப் பார்த்து அலறினார். யாரும் சொல்லவில்லை. அரிப்பு தாங்காமல் நானே கண்டுபிடித்த வைத்தியம். ரூபாய் அளவு இருந்த படை, இப்போது கொப்புளங்களோடு அடை அளவுக்கு விரிந்திருந்தது.

“இது படர்தாமரை. ஓரம் சிவந்து தடிச்சு, நடுவுல வெளுத்து, வட்டமா வரும். வேர்த்தா அரிப்பு கொன்னுடும். ஊறுகாய் மேல பூக்குதே பூசணம், அந்த ஜாதிதான்.”

“ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்கு ஒட்டுமா டாக்டர்?”

“பேஷா ஒட்டும். தொட்டாலும் ஒட்டும், துண்டு துணி மாத்திப் புழங்கினாலும் ஒட்டும். வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?”

“என் சம்சாரத்துக்கு, முழங்கையில.”

“யாருக்கு முதல்ல?”

“எனக்கு.”

“அப்ப அவங்களுக்கு நீங்க கொடுத்த சீர் அது. உங்களுக்குக் கொடுத்தது யாருன்னு பாருங்க.”

பார்க்கவே வேண்டாம். மாடிப் போர்ஷன் சந்திரமௌலி! குழாயடியில் அவன் குளிக்கும்போது பார்த்திருக்கிறேன். இடுப்பில் அதே இடத்தில் அதே வட்டம். ஆள் சிவப்பு, சுருட்டை முடி, பாடவும் பாடுவான். எனக்கும் அவனுக்கும் பொதுவாக இருப்பது இந்தப் படை ஒன்றுதான்.

அவனை நான் தொட்டதே கிடையாது. அப்படியானால் நடுவில் ஒரு ஆள் வேண்டுமே? பத்து நாளைக்கு முன் மாடிப்படிக்கு அடியில் அவனும் என் சம்சாரம் தேவானையும் கிசுகிசுத்துக்கொண்டு நின்றார்கள். என்னைக் கண்டதும் இருவர் வாயும் மூடிக்கொண்டது. அன்றிலிருந்துதான் அவள், “டாக்டர்கிட்ட போங்க, போங்க” என்று நச்சரிக்கிறாள். குற்றமுள்ள நெஞ்சு!

‘எனக்கு முதலில்’ என்பது மட்டும் கொஞ்சம் இடித்தது. பொறாமைப்படுகிறவன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

அவனை நான் ஜெயித்தது ஒரே ஒரு நாள்தான். போன மாதம், என் மைத்துனன் கல்யாணத்தில். யுத்தத்தால் துணிக்கு ரேஷன் வந்து எல்லோரும் சாயம் போன வேட்டியில் நிற்க, தேவானை எனக்கு மயில்கண் கரை வேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். “எப்படிடீ கிடைச்சது?” என்றதற்கு, “கூப்பன் சேர்த்தேன்” என்றாள்.

கல்யாணத்துக்கு வந்திருந்த சந்திரமௌலியின் முன்னால் வேண்டுமென்றே நாலு தரம் நடந்தேன்.

“கரை எப்படி இருக்கு சார்? இந்த மாதிரி நீங்க பார்த்திருக்கமாட்டீங்க.”

அவன் வேட்டியையே உற்றுப் பார்த்தான். “உங்களுக்கு ரொம்பப் பொருத்தமா இருக்கு” என்றான். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்குக் கல்யாணப் பாயசத்தைவிட அதுதான் இனித்தது.

டாக்டர் கொடுத்த களிம்போடு வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கத்தினேன்.

“மாடிப்படிக்கு அடியில அவனோட உனக்கு என்னடீ பேச்சு?”

தேவானை அரிசி களைந்துகொண்டிருந்த கையை உதறினாள்.

“படையைப் பத்தித்தான்.”

“சுத்தி வளைக்காதே. நேராச் சொல்லு.”

“சொல்றேன். கூப்பன் ஒண்ணும் நான் சேர்க்கலை. எல்லார் எதிர்லயும் நீங்க கிழிசலோட நிக்கறதைப் பார்க்க எனக்கு மனசு வரலை. சலவைக்கார பேச்சியம்மா வெளுக்க எடுத்துட்டுப் போன மூட்டையிலேருந்து அந்த வேட்டியை ரெண்டு நாள் வாடகைக்கு வாங்கினேன். யாரோடதுன்னு அவ சொல்லலை, நானும் கேக்கலை. அது மாடிக்காரரோடதுன்னு அன்னிக்கு அவரே சொல்லித்தான் தெரிஞ்சுது. ‘எனக்குப் படை இருக்கும்மா, அவரைச் சீக்கிரம் டாக்டர்கிட்ட அனுப்புங்க. ஆனா அது என் வேட்டின்னு மட்டும் சொல்லிடாதீங்க. பாவம், எவ்வளவு சந்தோஷமா நடந்தார்’னு சொன்னார்.”