சின்னச்சாமி வாசலில் ஜப்பான்

சபையிலிருந்து கோபித்துக்கொண்டு எழுந்து போனால் அது சரியா, தப்பா? நீங்கள் என்ன சொல்வீர்கள்?

விளாங்குடியில் சின்னச்சாமி வீட்டு வேப்பமரத்தடியில் அன்று சாயங்காலம் அதுதான் சண்டை. எழுந்து போனது ஜப்பான். போனது சர்வதேச சங்கத்தை விட்டு.

ஆட்கள் கூடியது என்னவோ அதற்காக இல்லை.

சின்னச்சாமி மகள் மாயக்காள் கப்பலூரில் புருஷனை விட்டுவிட்டுத் தகப்பன் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள். திரும்பக் கூட்டிப்போக மாமனார் நல்லகாமன் வந்திருந்தார். காலை பஸ்ஸில் அவள் அவரோடு ஏற வேண்டும் என்பது முக்கால்வாசி முடிவாகிவிட்டது. மீதியைப் பேசி முடிக்கத்தான் ஊர்ப் பெரியவர் கருத்தக்கண்ணனையும் நாலு பேரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

அந்தப் பேச்சை யார் எடுப்பது? எல்லாரும் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.

பஞ்சாலையில் வேலை பார்க்கும் அழகுமலைதான் சங்கடம் தாங்காமல் பத்திரிகையை விரித்து உரக்க வாசித்தான். சீனாக்காரன் மண்ணில் ஜப்பான் புகுந்துவிட்டது. அது அடாது என்று உலகத்து நாடுகள் கூடிய சங்கம் சொன்னது. அப்படியானால் உங்கள் சங்கமே வேண்டாம் என்று ஜப்பான் விலகிக்கொண்டது.

எல்லாருக்கும் உயிர் வந்தது.

"அடுத்தவன் வெள்ளாமையில மாட்ட விட்டு மேய்ப்பானாம். சபை கேட்டா துண்ட உதறிட்டுப் போயிருவானாம். நல்லா இருக்கே நாயம்!" என்றார் சின்னச்சாமி.

"மேய்ச்சது களவாணித்தனந்தேன் மச்சான். அது வேற வழக்கு," என்றார் நல்லகாமன். "இருக்க மாட்டேங்கிறவனப் பிடிச்சு உக்கார வைக்க முடியுமா?"

தொட்டியில் மாட்டுக்குக் கழுநீர் ஊற்றிக்கொண்டிருந்த மாயக்காள் நிமிர்ந்தாள்.

மாமாவா பேசுகிறார்?

அந்த வீட்டில் அவர் குழம்பில் உப்பில்லை என்றுகூடச் சொன்னதில்லை. பெண்டாட்டி பேசுவாள், மகன் பேசுவான், அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார். மகன் முத்திருளன் குடித்துவிட்டு வந்து, கைக்கு அகப்பட்டதை எடுத்து அவள்மேல் வீசுகிற நாளில் தொழுவத்துக்குப் போய் மாட்டின் பக்கத்தில் நின்றுகொள்வார். அப்படிப்பட்ட மனுஷன்.

"நாலு பேரு கூடுன எடத்துல மனத்தாங்கல் வரத்தேன் செய்யும்," என்றார் சின்னச்சாமி. "பொறுத்துப் போகணும். விட்டுட்டுப் போனா ஊரு சிரிக்காதா?"

மாயக்காளுக்கு அது மனப்பாடம். வந்த நாளிலிருந்து அப்பன் அவளுக்குச் சொல்வதும் அதேதான்.

"சிரிக்கட்டுமே. வாய் வலிச்சா அவனவன் வேலையப் பாக்கப் போறான்," என்றார் நல்லகாமன்.

கூட்டம் ரெண்டாகப் பிரிந்தது. ஜப்பானுக்கு நல்லகாமன் ஒருத்தர்தான். மீதிப் பேர் எல்லாரும் சங்கத்தின் பக்கம். வெற்றிலை எச்சில் தெறித்தது.

"இருங்கண்ணே," என்று அழகுமலை கையைத் தூக்கினான். "விலகுறேன்னு சொன்னாலும் உடனே போக முடியாதாம். ரெண்டு வருசம் கழிச்சுத்தேன் செல்லுமாம். போட்டிருக்கு."

"இது என்னய்யா கிறுக்குத்தனம்? ரெண்டு வருசம் அந்த வீட்லயே கெடந்து சாகணுமா?" என்றார் நல்லகாமன்.

சங்கம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வீடு என்று சொன்னதை மற்றவர்கள் கவனிக்கவில்லை. மாயக்காள் கவனித்தாள்.

வாளியைக் கீழே வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி ஆம்பளைகள் நடுவே வந்து நின்றாள்.

"மாமா, இந்த நாயம் சப்பானுக்கு மட்டுந்தானா? எனக்கும் உண்டா?"



"ஏ கழுத, உள்ள போ!" என்றார் சின்னச்சாமி.

அவள் போகவில்லை. "உண்டுன்னா எனக்குத் துரும்பு குடுத்துருங்க."

அவர்கள் பக்கத்து வழக்கம் அது. புருஷனோ, அவன் தகப்பனோ நாலு பேர் முன்னால் ஒரு துரும்பைக் கையில் கொடுத்துவிட்டால் பந்தம் அத்தோடு அறுந்தது. அப்புறம் அவள் வேறு யாரையும் கட்டிக்கொள்ளலாம், கட்டாமலும் இருக்கலாம். யாரும் கேட்க முடியாது.

கருத்தக்கண்ணனுக்குச் சிரிப்பு பீறிட்டது. "வாயக் குடுத்து மாட்டிக்கிட்டயேப்பா நல்லகாமா! இம்புட்டு நேரம் சப்பானுக்கு வக்காலத்து வாங்கிட்டு, இப்ப மருமகளுக்கு மட்டும் இல்லன்னு சொல்ல முடியுமா?"

நல்லகாமன் தலையைக் குனிந்துகொண்டார்.

"சபையில சொல்லிட்டேன். சொன்னத விழுங்க முடியாது," என்றார். "வெளக்கு வச்ச நேரத்துல குடுக்கிறதில்ல. விடியட்டும்."

மனுஷன் நன்றாகத் தோற்றார் என்று பேசிக்கொண்டே எல்லாரும் கலைந்தார்கள். பாவம், கப்பலூரில் பெண்டாட்டிக்கு என்ன பதில் சொல்லப் போகிறாரோ என்று அழகுமலை வருத்தப்பட்டான். சின்னச்சாமி மட்டும் படுக்கப் போகும்வரை, "என்ன சொன்னாலும் சப்பான்காரன் செஞ்சது தப்புத்தேன்," என்று முனகிக்கொண்டிருந்தார்.

மாயக்காள் அன்றைக்குக் குழம்புச் சட்டியை வழித்துச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை, அதே நாலு பேர் முன்னால் நல்லகாமன் தன் மடியை அவிழ்த்து, நூல் சுற்றி வைத்திருந்த ஒரு துரும்பை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, தனியாகப் போய் பஸ் ஏறினார்.

அது வரகுத் தாள். விளாங்குடி வயல்களில் நெல்லைத் தவிர எதுவும் கிடையாது. வரகு விளைவது கப்பலூரில்.