நகம் நுழையும் இடம்

"எனக்கு அதப் பாக்கற தெம்பில்ல காளியப்பா. நீயே கழட்டு. பாத்துப்போட்டு உள்ளதச் சொல்லு, போதும்."

தங்கசாமி, காளியப்பனின் பட்டறை வாசலிலேயே கிடந்த டயர் மேல், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் லாரியில் ஏற்றி வந்த பைக்கை உள்ளே உருட்ட முடியவில்லை. பின்சக்கரம் சுற்றவே இல்லை. காளியப்பனும் அவன் மனைவி சௌந்திரமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கித்தான் கொண்டுபோனார்கள்.

அறுபது வருஷத்துப் பழைய வண்டி. ஏழு மாதத்துக்கு முன் சேந்தமங்கலம் ரோட்டில், ஓடுகிற ஓட்டத்தில் அதன் சக்கரம் பூட்டிக்கொண்டது. ஓட்டிப்போன யோகேஷ், தங்கசாமியின் ஒரே மகன், அங்கேயே செத்துப்போனான். விபத்துக்குள்ளான வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி எண்ணெய் ஊற்றும் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்து, "உள்ள ஸ்பிரிங் ஒடஞ்சு செயின்ல சிக்கியிருக்கு" என்றார்.

அதற்கு முந்தின வாரம்தான் காளியப்பன் அந்த ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுத்திருந்தான். புதுசு என்று சொல்லிப் பழசை மாட்டிவிட்டான் என்று ஊர் பேசியது. அதன்பிறகு பட்டறைக்கு ஒரு வண்டி வரவில்லை.

கேஸ் முடிந்து பைக் வீடு வந்ததும், சௌந்திரம் நாலு தடவை தங்கசாமி வீட்டுக்கு நடந்தாள். "ஒருக்கா தொறந்து பாத்தரலாமுங்கண்ணா. எங்க மேல தப்பிருந்தா அவர் இனி ஸ்பேனரத் தொடமாட்டார்" என்று கெஞ்சித்தான் இன்றைக்கு வரவழைத்திருந்தாள்.

"முப்பது வருசமா லாரி மெக்கானிக் வேல பாக்கறன்" என்றார் தங்கசாமி, ரோட்டைப் பார்த்தபடி. "எவன் பாத்த வண்டின்னாலும் நான் ஒருக்கா இறுக்காம உடமாட்டன். நான் இறுக்குன நட்டு கழண்டுச்சுன்னு ஒரு டிரைவர் சொல்லட்டும். இறுக்கிப்போட்டு மஞ்சப் பெயிண்ட்ல பொட்டு வெச்சன்னா அது என்ர வாக்கு. நீயுந்தான் வேலைன்னு பண்ற."

காளியப்பன் எஞ்சின் பக்க மூடியின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டே மனைவிக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தான். "புதுசுதான் போட்டன் சௌந்திரம். சுருளுக்குச் சுருள் நகம் நுழையற எடம் விட்டுத்தான் மாட்டுனன்."

அவளுக்கு அது மனப்பாடம். ஸ்பிரிங்கைப் பிடிக்கிற இந்த நட்டை மட்டும் முழுக்க இறுக்கக் கூடாது, எஞ்சின் உதறுவதை வாங்கிக்கொள்ள ஸ்பிரிங்குக்கு இடம் வேண்டும், இல்லாவிட்டால் உடைந்துதான் போகும் என்று அவன் சொல்லாத நாளில்லை.

"தெரியுமுங்க மாமா. தொறங்க."

மூடி வந்தது. கறுத்த எண்ணெய் வடிந்தது. காளியப்பன் டார்ச்சை அடித்துக் குனிந்தான். குனிந்தவன் தலையைத் திருப்பித் தங்கசாமியின் முதுகைப் பார்த்தான்.

"பெட்ரோல் துணி குடு" என்றான்.

உள்ளே எதையோ அழுத்தித் துடைத்தான். பிறகு ஸ்பேனரை வைத்தான். நட்டு அசையவில்லை. ஸ்பேனரில் நீளமான இரும்புப் பைப்பைச் செருகி, மேலே ஏறி மிதித்தான். கடைசியில் பலத்த சத்தத்தோடு விட்டது. ஸ்பிரிங் மூன்று துண்டாக அவன் உள்ளங்கையில் விழுந்தது.

"புதுசுதானுங்களே?" என்றாள் சௌந்திரம்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. துண்டுகளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"அண்ணா, பழசுதானுங்க."

தங்கசாமி திரும்பினார்.

"புதுசு வர பத்து நாளாகும்னாங்க. யோகேசு அவசரப்பட்டான். பழசயே தொடச்சு மாட்டிட்டனுங்க. தப்பு என்ரதுதான்."

அடிப்பார் என்று நினைத்தாள் சௌந்திரம். அவர் அடிக்கவில்லை. அந்தத் துண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"இன்னிக்காச்சும் நான் தூங்குவன்" என்றார். "ஏழு மாசமாச்சு. இனி என்ர கண்ணுல படாத காளியப்பா."

"படமாட்டனுங்க."

"இந்த வண்டியக் காயலாங்கடைக்குத் தூக்கிப் போடு."

லாரி கிளம்பி, ரோட்டில் திரும்புவதற்காகப் பின்னால் வந்தது.

சௌந்திரம் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். "ஊடு ஊடாப் போயி சத்தியம் பண்ணுனனே. எம்பட புருசன் பொய் சொல்லமாட்டார்னு மாரியாத்தா கோயில்ல சூடத்த அணைச்சனே. என்னையும் சேத்தி ஏமாத்திப் போட்டீங்களே மாமா. இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இந்த ஊர்ல தண்ணி புடிக்கப் போவன்?"

அவன் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டான். "மேட்டூர்ல உங்கண்ணன் வாட்ச்மேன் வேல இருக்குதுன்னாரே. வாரேன்னு சொல்லீரு" என்றான். கை கழுவப் பின்பக்கம் போனான்.

அவளுக்கு அழுகையும் நின்றுபோயிற்று. கண்ணில் பட்டதையெல்லாம் வீசி எறிய வேண்டும் போலிருந்தது. அவன் போட்டுவிட்டுப் போன பெட்ரோல் துணியைக் கையில் எடுத்தாள். வீச ஓங்கியவள் நின்றாள்.

நகம் நுழையும் இடம் விட்டு மாட்டின நட்டைக் கழற்றப் பைப் எதற்கு?

துணியைப் பிரித்தாள். கறுப்பு எண்ணெய்க்கு நடுவே மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்தது. வெளியே, மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்த லாரியின் சக்கரத்தில் ஒவ்வொரு நட்டின் மேலும் அதே மஞ்சள் பொட்டு.