செவ்வாய்க்கிழமைக் குளியல்

காற்று பேயாய் அடித்தது. காற்றாலைகள் கொட்டிய மின்சாரத்தில், மணிக்கு மணி மாறும் மின்விலை மத்தியானம் பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தது. வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்த்த தபானிக்கு மனசு கேட்கவில்லை. பின்லாந்தே சனிக்கிழமை மாலையில் போடும் நீராவிக் குளியலை அவன் செவ்வாய்க்கிழமையே போட உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் ஊற்றி ஆவி கிளப்பும் கற்கள் மின் அடுப்பில் சூடேறியதும் போன் அடித்தது. மின்துறையில் அவனுடைய மேலதிகாரி கிர்சி.

"எங்கே இருக்கே, தபானி?"

"மேஜையிலதாங்க கிர்சி" என்றான், வியர்வையை வழித்தபடி.

"எல்லா வீட்டுக்கும் மணிக்கு ஒரு விலை வச்சா ஜனங்க பழக்கத்தை மாத்திக்குவாங்கன்னு எழுதியிருக்கியே, நடக்கிற கதையா? விலை குறைஞ்சா எவனாவது சனிக்கிழமைக் குளியலைச் செவ்வாய்க்கிழமை போடுவானா? திட்டத்தைக் குப்பையில போடு!"

ஒரு வருஷ உழைப்பு. "நானே போடுறேனே!" என்று சொல்ல நாக்குத் துடித்தது. சொன்னால், வேலை நேரத்தில் என்ன குளியல் என்பாள்.

'உஸ்ஸ்ஸ்...' சுடுகல்லில் தண்ணீர் ஊற்றும் சத்தம்.

மாட்டிக்கொண்டோம் என்று பதறித் திரும்பினான். அவனுடைய வாளியோ தொடாத தண்ணீரோடு ததும்பத் ததும்ப நின்றது.

சத்தம் போனுக்குள்ளிருந்துதான் வந்திருந்தது.

"சரி, சரி" என்றாள் கிர்சி. "திட்டத்தை இன்னிக்கே அனுப்பிடு."